பூட்டைத் திறக்கும் கருவி: ஒரு பொழுதுபோக்கின் சமூக வரலாறு

திறப்பின்றிப் பூட்டைத் திறக்கும் வித்தையைப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் குற்றவியலாளரின் குறிப்புகளாகவோ துப்பறியும் கதைகளாகவோதான் நமக்குக் கிடைக்கின்றன. இரண்டிலும் அவ்வித்தைக்கு உரியவன் கள்வனே. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இதனை ஒரு பொழுதுபோக்காகப் பயில்வோர் தோன்றியுள்ளனர். அவர்கள் எதையும் திருடுவதில்லை. தாம் விலைகொடுத்து வாங்கிய பூட்டுக்களையே மேசைமேல் வைத்துத் திறந்து பார்க்கின்றனர். அதற்கு வேண்டிய கருவிகளையும் அவர்களிற் பலர் தாமே செய்துகொள்கின்றனர். ஒடிந்த வாள் அலகு, குடைக் கம்பி, மோட்டார் வாகனக் கண்ணாடித் துடைப்பானுள் இருக்கும் உருக்குப் பட்டை, வீதி பெருக்கும் இயந்திரத்தின் தூரிகையிலிருந்து உதிர்ந்த உருக்கு இழை ஆகியனவே அவர்களது மூலப்பொருட்கள். அரமும் பொறுமையுமே அவர்களது முதலீடு. திருடும் நோக்கமில்லாத ஒருவன் திருட்டின் கருவியை ஏன் தன் கையாற் செய்கிறான் என்ற வினாவிற்கு உளவியலாளர் ஆர்வம், விளையாட்டுணர்ச்சி என்று விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, போதாதது. பூட்டு என்பது தனியுடைமையின் பௌதிக வடிவம். எனவே அதனைத் திறக்கும் கருவியின் வரலாறும் உடைமையின் வரலாற்றோடும் உழைப்பின் வரலாற்றோடும் பிணைந்தது. அப்பிணைப்பினைச் சிறிது விரித்து நோக்குவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சி.

பூட்டு எவ்வாறு ஏமாற்றப்படுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று. இன்று வீட்டுக் கதவுகளிலும் ஆமைப்பூட்டுகளிலும் பெருவழக்காயுள்ள முளைப்பூட்டு, பண்டை எகிப்திலும் மேற்காசியாவிலும் வழங்கிய மரப்பூட்டின் தத்துவத்தை உலோகத்தில் மீட்டெடுத்த ஒன்றாகும். அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் பெற்ற காப்புரிமைகளே அதன் நவீன வடிவத்திற்கு அடிப்படை. உருளையொன்றினுள் வரிசையாகத் துளைகள் இடப்பட்டு, ஒவ்வொன்றிலும் இரு துண்டான முளையொன்று வில்லின் அழுத்தத்தில் நிற்கும். உரிய திறப்பு நுழையும்போது முளைகள் யாவும் ஒரே மட்டத்தில் பிரிய, உருளை சுழலும். துளைகள் யாவும் முற்றாக நேர்கோட்டில் அமைந்திருப்பின் திறப்பின்றி இதனைத் திறப்பது மிகக் கடினம். ஆனால் எந்த இயந்திரமும் அத்தகைய நேர்கோட்டினைத் தந்ததில்லை. மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவிலாவது ஒரு துளை விலகியே நிற்கும். ஆகவே உருளையை மெல்லத் திருகிப் பிடித்தால் முளைகள் ஒருங்கே இறுகாமல் ஒன்றன்பின் ஒன்றாகவே இறுகும், இறுகியதைத் தேடி உயர்த்தினால் அது தன்னிடத்தில் நின்றுவிடும், அடுத்தது இறுகும். திருகுவதற்கு ஒரு வளைந்த பட்டை, உயர்த்துவதற்கு ஒரு மெல்லிய கொக்கி என இரு கருவிகள் போதும். கலை முழுவதும் உற்பத்தியின் குறைபாட்டின்மேல் நிற்கிறது. பூட்டுக்காரன் ஓடுவது அக்குறைபாட்டை மறைக்க. கொக்கியை அராவுபவன் தேடுவது அதனை விரலால் உணர.

கள்வனின் கருவிபற்றிய அறிவு எவருக்குரியது என்ற வினா நமது இலக்கியத்துக்கும் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், கள்வர் துணையாகக் கொள்ளும் எட்டினை விரித்துரைத்து அவற்றுள் இறுதியாகக் கருவியை வைப்பவன் பொற்கொல்லன். களவு நூலை விளக்கமாக அறிந்த அவனே அரசியின் சிலம்பைக் கவர்ந்தவனும் ஆவான். அவன் தன் அறிவைக் காவலர் முன் விரிப்பது, அதனை அறியாத கோவலன்மேற் பழியை ஏற்றுவதற்கே. களவுபற்றிய அறிவைக் கள்வனின் அடையாளமாகக் காட்டுவது அதிகாரத்தின் வாயிலில் நிற்பவனுக்கு எவ்வளவு வசதியானது என்பதை இளங்கோ நன்கு கண்டிருக்கிறார். இங்கிலாந்தின் சட்டத்திற்கு இதே வசதி 1824ஆம் ஆண்டிற் கிடைத்தது. நெப்போலியனிய யுத்தங்களின் முடிவில் வேலையற்று வீடு திரும்பிய படைவீரரையும் நிலமிழந்து வீதிக்கு வந்த கிராம மக்களையும் அடக்குவதற்கு இயற்றப்பட்ட அலைந்து திரிவோர் சட்டம், கள்ளத் திறப்பு முதலான கருவிகளை வீடுடைக்கும் நோக்கத்துடன் வைத்திருப்பதைக் குற்றமாக்கி, அவனைப் ‘போக்கிரியும் நாடோடியும்’ என்ற வகைக்குள் அடக்கியது. அச்சட்டத்தின் வார்ப்பிலேயே 1841இல் இலங்கையிலும் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பிறந்தது என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லி வைக்கலாம்.

ஆயினும் அதே இங்கிலாந்தில், அதே காலப்பகுதியில், பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்யுமாறு பகிரங்க அழைப்பொன்றும் விடுக்கப்பட்டிருந்தது. 1784இல் தமது பூட்டிற்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் பிராமா, 1790இல் இலண்டன் பிக்கடிலியிலிருந்த தமது கடையின் சாளரத்தில் ஆமைப்பூட்டொன்றைத் தொங்கவிட்டார். அதனைத் திறக்கவல்ல கருவியொன்றைச் செய்யும் கைவினைஞனுக்கு 200 கினி பரிசு என்பது அதனோடிருந்த அறிவிப்பு. அறிவிப்பு கேட்டது கருவியைச் செய்பவனை என்பது கவனிக்கத்தக்கது. நாடோடியின் பையிற் கிடந்தாற் சிறைக்கு அனுப்பும் பொருள், பிக்கடிலிக் கடையின் முன் நிற்கும் கனவானின் கையிலிருந்தால் பரிசுக்குரியதாகிவிடுகிறது. பொருள் ஒன்றே, அதனைப் பிடித்திருக்கும் கையின் வர்க்கம் வேறு.

சாளரத்திலிருந்த அப்பூட்டினைச் செய்த கை பிராமாவினுடையதன்று. அது ஹென்றி மோட்ஸ்லி என்னும் தொழிலாளியினுடையது. 1771இல் வூலிச்சிற் பிறந்து பன்னிரண்டு வயதில் அங்குள்ள ஆயுதசாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பதினெட்டாம் வயதளவில் பிராமாவின் பட்டறைக்கு வந்தார். பிராமாவின் பூட்டு மிக நுண்ணிய ஒன்று. கையினால் அராவிச் செய்தால் ஒவ்வொன்றும் பெருஞ்செலவாகும். அந்நுண்மையை இயந்திரத்தின்மூலம் மலிவாகப் பெறுவதற்கான கருவிகளை மோட்ஸ்லியே வகுத்தார். இப்பணியிற் பெற்ற பயிற்சியே பின்னர் கடைசல் இயந்திரத்தில் வெட்டுக்கருவியைத் தாங்கி நகர்த்தும் அமைப்பினை அவர் செம்மையாக்குவதற்கு வழிகோலியது. மூலதனத்தின் முதலாந் தொகுதியில் இயந்திரத்தைப்பற்றி எழுதும் மார்க்ஸ் இவ்வமைப்பிற்கு மோட்ஸ்லியின் பெயரைச் சுட்டி, அது பதிலீடு செய்வது எந்தவொரு தனிக் கருவியையுமன்று, மனிதக் கையையே என விளக்குகிறார். இயந்திரத்தால் இயந்திரத்தைச் செய்யும் யுகத்தின் பிறப்பிடங்களுள் ஒன்று பூட்டுப் பட்டறை என்பது பொருளாதார வரலாற்றில் போதிய அழுத்தம் பெறாத உண்மை. அதைவிடக் குறைந்த அழுத்தம் பெறுவது மற்றோருண்மை: 1797இல், குடும்பஸ்தராகிவிட்ட மோட்ஸ்லி, வாரமொன்றுக்கு 30 சிலிங்காக இருந்த தமது கூலியை உயர்த்துமாறு கேட்டார், பிராமா மறுத்தார், மோட்ஸ்லி வெளியேறினார். இச்சம்பவத்தை நமக்கு அறியத்தந்த சாமுவேல் ஸ்மைல்ஸ், தமது கைத்தொழில் வாழ்க்கை வரலாறுகளில் (1863) அதனைத் தன்னுயர்ச்சிக் கதையின் ஒரு படியாகவே காண்கிறார். திருடனுக்கு 200 கினி தரத் தயாராயிருந்த முதலாளி, பூட்டைச் செய்தவனுக்குச் சில சிலிங்குகளைக் கூட்டித்தர மறுத்தமை ஸ்மைல்ஸின் கண்ணிற் படவில்லை.

மோட்ஸ்லி போன்று உயர வழி கிடைத்தவர் சிலர். பூட்டுத் தொழிலின் பெரும்பகுதி ஸ்ரபோட்சயரின் வில்லன்ஹோல், வுல்வர்ஹாம்ப்ரன் ஆகிய ஊர்களின் சிறு பட்டறைகளில் நடந்தது. 1840களின் தொடக்கத்தில் சிறுவர் வேலை ஆணைக்குழுவின் சார்பில் அங்கு சென்று விசாரித்தவர் ஆர். எச். ஹோர்ன் என்னும் கவிஞர். இலக்கிய மாணவர் அவரை ஒராயன் என்ற காவியத்தின் ஆசிரியராக அறிவர். எமக்கு அவரது அறிக்கை காவியத்தைவிட முக்கியமானது. சிறுவயதிலேயே பயிலுநராக ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் இடுக்கியின் முன் நாள் முழுவதும் நின்று அரத்தினைத் தள்ளினர். வளரும் எலும்பு அரத்தின் திசைக்கு வளைந்தது. கூனர் மலிந்தமையால் வில்லன்ஹோலுக்குக் கூனூர் என்ற பொருள்படும் பட்டப்பெயரே வழங்கியது. பெரிய முதலாளி எவருமில்லை. தாமும் வறியவரான சிறு எசமானர்களே பிள்ளைகளை அடித்தும் பட்டினி போட்டும் வேலை வாங்கினர். சந்தையில் விலை வீழ, அவ்வீழ்ச்சியின் சுமை கீழ்நோக்கி இறங்கிப் பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் வந்து தங்கியது.

ஹோர்னின் அறிக்கையை மூவர் வாசித்தனர். மூவரும் மூன்றினைக் கண்டனர். கவிஞர் எலிசபெத் பாரெற் 1843இல் வெளியிட்ட சிறுவரின் அழுகை பற்றிய கவிதைக்கு இவ்விசாரணை தூண்டுதலாயிற்று. அது நெஞ்சை உருக்கும் கவிதையே. ஆனால் அதில் பிள்ளைகள் அழுகின்றனர், கேட்போர் நாணுகின்றனர், அவ்வளவே. பென்ஜமின் டிஸ்ரேலி 1845இல் வெளியான சிபில் என்ற நாவலில் வில்லன்ஹோலை வொட்கேற் என்ற கற்பனை ஊராக மாற்றினார். நிலவுடைமையாளரும் திருச்சபையும் எட்டிப்பாராத அவ்வூரைப் பூட்டுச் செய்வோரே ஆள்கின்றனர். அவர்களின் தலைவன் ‘பிஷப்’ என அழைக்கப்படும் முரடன். நாவலின் இறுதியில் அவன் கும்பலோடு புறப்பட்டு அழிவை விதைக்கிறான். அறிக்கையின் விவரங்கள் அப்படியே இருக்கின்றன, பயிலுநர் படும் அடிகள் உட்பட. ஆனால் அவற்றிலிருந்து எழும் முடிவு, பழைய மேன்மக்களின் அரவணைப்பு இல்லாதவிடத்துத் தொழிலாளி விலங்காகிறான் என்பது. கலைஞனின் கண் பிழையின்றிக் கண்டதை அரசியல்வாதியின் கை வளைத்துவிட்டது. அதே 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி நூல் வெளியிட்ட எங்கெல்ஸ், அதே ஆணைக்குழுவின் சான்றுகளைக்கொண்டு அதே ஊர்களை விவரிக்கிறார். அவர் கண்டது விலங்கையுமன்று, அழும் குழந்தையையுமன்று. ஓர் உற்பத்தி முறையை. பூட்டுத் தொழிலாளியின் உருக்குலைந்த உடல் அவருக்கு ஒரு வினாவின் தரவு: எவருடைய உடைமையைக் காக்கும் பொருட்டு இவ்வுடல் வளைந்தது? இலக்கியத்தில் யதார்த்தம் பற்றி விவாதிக்கும் நாம் இம்மூன்று வாசிப்புக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. விவரம் மட்டும் யதார்த்தமாகிவிடாது என்பதற்கு சிபிலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

இனிப் பிக்கடிலிச் சாளரத்திற்கு மீள்வோம். பிராமாவின் பூட்டு அங்கே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தொங்கியது. இதற்கிடையில் போட்ஸ்மத் துறைமுகத்தில் கள்ளத் திறப்புக்களால் நிகழ்ந்த ஒரு களவின் பின்னர், அரசாங்கத்தின் பரிசறிவிப்பை நோக்கி ஜெரமையா சப் 1818இல் ஒரு பூட்டிற்குக் காப்புரிமை பெற்றார். எவரேனும் தவறாகத் தீண்டினால் இறுகிக்கொண்டு காட்டிக்கொடுக்கும் பூட்டு அது. கைதிகளை அடைத்திருந்த கப்பலொன்றிலிருந்த ஒரு பூட்டுத் தொழிலாளி அதனைத் திறந்துகாட்ட முன்வந்தான். வென்றால் விடுதலை, மேலும் 100 பவுண். இரண்டு மூன்று மாதங்கள் முயன்று தோற்றான். அவனுடைய பெயர் கதையில் இல்லை. சப் என்ற பெயர் மட்டும் பூட்டுக்களின்மேற் பொறிக்கப்பட்டது.

1851இல் இலண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து அல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் வந்தார். நியூயோர்க் நிறுவனமொன்றின் பூட்டினை விற்பது அவரது வேலை. போட்டியாளரின் பூட்டினைத் திறந்துகாட்டுவது அவரது விற்பனை முறை. யூலை 22ஆம் நாள் வெஸ்ற்மினிஸ்ரரில் ஒரு வீட்டின் பாதுகாப்பறைக் கதவிலிருந்த சப் பூட்டினைச் சாட்சிகளின் முன் 25 நிமிடங்களில் திறந்தார். பின்னர் 7 நிமிடங்களில் மீண்டும் பூட்டினார். காட்டிக்கொடுக்கும் பொறி அவருக்கே வழிகாட்டியாயிற்று, ஏனெனில் எந்த நெம்பு அளவுக்கு மீறி உயர்ந்தது என்பதை அது ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொன்னது. அடுத்து பிராமாவின் பூட்டு. முப்பது நாள் அவகாசம், நடுவர் மூவர். கதவு மரத்தோடு தாங்கியொன்றைப் பொருத்தி, தாமே வகுத்த நுண்கருவிகளால், பதினாறு நாட்களிற் பரவிய 51 மணி நேர உழைப்பில் அதனைத் திறந்தார். எந்தக் கள்வனுக்கு இத்தனை நாள் அமைதியாக இருக்க இடங்கிடைக்கும் என்று பிராமா நிறுவனத்தார் ஆட்சேபித்தனர். ஆட்சேபம் நியாயமானதே. எனினும் 200 கினி வழங்கப்பட்டது. ஆங்கில நடுத்தர வர்க்கம் அதுவரை தன் பணப்பெட்டியின்மேல் வைத்திருந்த நம்பிக்கை குலைந்தது. ஹொப்ஸ் இலண்டனிலேயே நிறுவனமொன்றைத் தொடங்கி இயந்திரத்தாற் பூட்டுக்களைச் செய்து விற்றார். சில ஆண்டுகளின் பின்னர் அவர் விற்க வந்த அமெரிக்கப் பூட்டினையும் யேல் திறந்துகாட்டினார் என்பது இக்கதையின் இயல்பான அடுத்த அத்தியாயம்.

ஹொப்ஸின் வெற்றி ஒரு வாதத்தைக் கிளப்பியது: இவ்வறிவைப் பகிரங்கப்படுத்தலாமா? 1853இல் சார்ள்ஸ் ரொம்லின்சன் தொகுத்து வெளியான பூட்டமைப்பு நூல் இவ்வினாவை நேரடியாகவே எதிர்கொண்டது. கள்வர் தம் தொழிலில் முன்பே தேர்ந்தவர்கள். மறைப்பதால் ஏமாறுவது பூட்டை வாங்கும் நேர்மையாளர் மட்டுமே என்பது அதன் வாதம். அந்நூல் தொழிலாளரும் வாங்கக்கூடிய மலிவான தொழினுட்ப நூல்வரிசையொன்றில் வெளிவந்தது என்பதும் முக்கியம். கைவினைக் குழுவின் இரகசியமாக இருந்த அறிவு அச்சின்மூலம் பொதுவாகியது. இதனை முதலாளித்துவத்தின் முற்போக்கான கூறாக நாம் ஏற்கவேண்டும். தன் பொருளைப் பரிசோதனைக்கு உட்படுத்தும் கட்டாயம் போட்டியினால் எழுந்ததே என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

பொழுதுபோக்காகப் பூட்டுவேலை செய்தோரில் வரலாறு நன்கறிந்தவர் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி. கமேன் என்ற பூட்டுத் தொழிலாளி அவருக்கு ஆசான். துயிலரி மாளிகையின் சுவரினுள் இரகசிய ஆவணங்களை வைப்பதற்கு இரும்புப் பேழையொன்றைப் பொருத்தியதும் கமேனே. 1792 நவம்பரில் புரட்சி அரசாங்கத்திடம் அதனை வெளிப்படுத்தியவரும் அவரே. ஆவணங்கள் மன்னரின் விசாரணையிற் சான்றாயின. அரசன் அரத்தைப் பிடிக்கையில் அது விளையாட்டு. தொழிலாளி பிடிக்கையில் அது வாழ்வு. இவ்வேறுபாடே பொழுதுபோக்கு என்ற கருத்தின் வர்க்க அடித்தளம்.

இருபதாம் நூற்றாண்டில் அரசனின் ஓய்வு படித்த நடுத்தர வர்க்கத்திற்கும் ஓரளவு கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அணுக்குண்டு தயாரிக்கப்பட்ட லொஸ் அலமோஸில் பௌதிகவியலாளர் றிச்சர்ட் ஃபைன்மன் சகாக்களின் பெட்டகங்களைத் திறந்து விளையாடியமையை 1985இல் வெளியான தமது நினைவு நூலிற் கூறுகிறார். பெட்டகம் திறந்திருக்கையில் அதன் இலக்கங்களைக் கண்டறிய முடியும் என்று அவர் ஓர் இராணுவ அதிகாரியை எச்சரித்தபோது, அதிகாரி பெட்டகங்களைத் திறந்து வைக்கும் வழக்கத்தை மாற்றவில்லை; ஃபைன்மன் நுழைந்த அறைகளின் இலக்கங்களை மாற்றுமாறு கட்டளையிட்டார். குறையை அறிவித்தவனே குறையாகக் கருதப்பட்டான்! மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் மாணவர்களோ, 1950களின் இறுதியிலிருந்து, கருவிகளும் உதிரிப்பாகங்களும் பூட்டிய அறைகளில் முடங்கியிருப்பதை நியாயமற்றதாகக் கண்டு இரவிற் பூட்டுக்களைத் திறந்தனர். கணினி வரலாற்றாசிரியர் ஸ்ரீவன் லெவி 1984இல் இதனைப் பதிவு செய்துள்ளார். அம்மரபிலிருந்து 1991இல் புனைபெயரில் வெளியான கையேடு, வீதித் தூரிகையின் உருக்கு இழையிலிருந்து கருவியை அராவிக்கொள்வதையும் ஒரு பகுதியாகக் கொண்டிருந்தது. ஜேர்மனியில் 1997இலும் தொடர்ந்து நெதர்லாந்திலும் இதற்கெனச் சங்கங்கள் எழுந்தன.

இச்சங்கங்களின் முதல் விதிகள் இரண்டு: உனக்குச் சொந்தமில்லாத பூட்டினை உரியவரின் அனுமதியின்றித் திறவாதே, பாவனையிலுள்ள பூட்டினைத் தீண்டாதே. தனியுடைமையின் காவலனோடு மல்லுக்கு நிற்கும் பொழுதுபோக்கு, தனியுடைமைக்கு இத்தனை மரியாதை செலுத்துவதில் ஒரு முரண்பாடு உண்டு. இவ்விதிகளை நாம் எள்ளி நகையாடவில்லை. ஏழையின் வீட்டிலும் பூட்டுண்டு, அவனது ஒரேயொரு சைக்கிளும் பூட்டப்பட்டே நிற்கிறது. ஆனால் இங்கு எதிர்ப்பின் வடிவம் முழுவதும் விளையாட்டினுள் அடங்கிவிடுகிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அவர்களது செயலின் சமூகப் பயன் வேறிடத்தில் உள்ளது. 2003இல் கணினி விஞ்ஞானி மற் பிளேஸ், ஒரு கட்டடத்தின் சாதாரண அறைத் திறப்பொன்றும் சில வெற்றுத் திறப்புக்களும் ஓர் அரமும் உள்ள எவரும் அக்கட்டடத்தின் தலைமைத் திறப்பினைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலும் என்று ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார். பூட்டுத் தொழிலாளர் பலர் சினந்தனர். இது பொய் என்று அவர்கள் கூறவில்லை. தமக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததை இவர் வெளியிற் சொல்லிவிட்டார் என்றே கூறினர். அலுவலகத்திலும் மாணவர் விடுதியிலும் வசிப்போருக்கு மட்டுமே அது தெரியாதிருந்தது. அடுத்த ஆண்டில், விலையுயர்ந்த சைக்கிள் பூட்டொன்றினை மலிவான பேனையின் பிளாஸ்ரிக் குழாயாற் திறக்கலாம் என்பது பகிரங்கமானபோது, அமெரிக்க உற்பத்தியாளர் பூட்டுக்களை இலவசமாக மாற்றிக்கொடுக்க நேர்ந்தது.

இப்பொழுதுபோக்கும் இன்று சந்தைக்குள் வந்துவிட்டது. தோலுறையிலிட்ட கருவித்தொகுதிகள் தபாலிற் கிடைக்கின்றன. தானே அராவுவோர் தொகையிற் குறைந்தவர். அவர்களைக் கேட்டால், வாங்கிய கருவி பூட்டினைத் திறக்கிறது, செய்த கருவி பூட்டினை விளக்குகிறது என்பர். உருக்கு மிகச் சூடாகிவிடாமல் இடைக்கிடை நீரில் தோய்த்து அராவவேண்டும், இல்லாவிடில் அதன் விறைப்புப் போய்விடும். நுனியின் விளிம்புகளை மெருகிடாவிடில் முளையின் அசைவு விரலுக்கு எட்டாது. இவை வில்லன்ஹோல் பயிலுநன் அடிபட்டுக் கற்றவை. சட்டம் மட்டும் தன் பழைய வினாவிலேயே நிற்கிறது. யப்பானில் 2003இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, தொழிலுக்காகவோ வேறு தக்க காரணத்துக்காகவோ அன்றிப் பூட்டுத் திறக்கும் சிறப்புக் கருவிகளை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இங்கிலாந்திலோ 1968ஆம் ஆண்டின் களவுச் சட்டத்தின்படி, வீட்டுக்கு வெளியே கருவியோடு செல்பவனின் நோக்கமே குற்றத்தைத் தீர்மானிக்கிறது. அந்நோக்கத்தை முதலில் ஊகிப்பவர் வீதியில் அவனை நிறுத்தும் பொலிஸ்காரர்.